மார்ட்டர்ஸ் படத்துல அன்னா காதுல சொன்னது என்ன? கொஞ்சம் நீளமான பதில்

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். 2008ல வந்த பிரெஞ்சுப் படம் மார்ட்டர்ஸ் பாத்திருக்கீங்க. கடைசில அன்னா அந்த வயசான அம்மா காதுல என்னவோ சொல்றா, அந்தம்மா கொஞ்ச நேரம் கழிச்சு துப்பாக்கிய வாயில வச்சு சுட்டுக்கறாங்க, படம் முடிஞ்சிடுது. செத்ததுக்கு அப்புறம் ஏதோ இருக்குன்னு படம் சொல்லுதா, ஒண்ணுமில்லன்னு சொல்லுதா, எண்டிங் விளக்கம் சொல்ற வீடியோக்கள் ஒவ்வொண்ணும் ஒரு கதை சொல்லுதே அதுல எது கரெக்ட், அன்னா பொய் சொல்லியிருப்பான்னு உங்க ஃப்ரெண்ட் அடிச்சு சொல்றாரே அது சரியா, டைரக்டர் பேட்டிய பாத்தா தெரிஞ்சிடுமா, இதெல்லாம் கேட்டிருக்கீங்க. மேலாக்க பாத்தா காதுல சொன்ன வசனம் என்னன்னு கேக்கற மாதிரி இருக்கு. ஆனா உங்களுக்கு உறுத்தறது வேற விஷயம்னு நினைக்கறேன்: டைரக்டர் எங்கயோ ஒரு பதில ஒளிச்சு வச்சிருக்காரா, நாமதான் கவனிக்காம விட்டுட்டோமா, இல்ல இது யார் என்ன வேணா சொல்லிக்கலாம்ங்கற கேஸா? ரெண்டும் இல்ல. அதத்தான் சொல்ல வர்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

நான் எடிட்டிங் ரூம்ல பல வருஷமா உக்காந்து பொழைக்கறவன், அது போக ஒரு சின்ன ஃபிலிம் கிளப்ல படம் போட்டு முடிஞ்சதும் பேசறத நடத்தறேன். அதனால என் பதில்ல தத்துவத்த விட ஷாட், கட், சவுண்டு இதுதான் ஜாஸ்தி இருக்கும். செத்ததுக்கு அப்புறம் நிஜத்துல என்ன இருக்குங்கறத என்கிட்ட கேக்காதீங்க, படத்துக்குள்ள எது நிச்சயம் எது சந்தேகம்ங்கற வரைக்கும்தான் என்னால பேச முடியும். கீழ நாலஞ்சு படத்தோட கடைசி சீனையெல்லாம் போட்டு உடைக்கப் போறேன், பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க. இன்னொண்ணு, இந்தப் பதில படிச்சுட்டு ஆர்வத்துல மார்ட்டர்ஸ் பாக்கப் போறவங்களுக்கு, அது சாதாரண பேய்ப்படம் இல்ல, ஒரு பொண்ண அடிச்சு சித்ரவதை பண்றத ரொம்ப நேரம் கட் பண்ணாம காட்டுவாங்க. பாக்க முடியலன்னு எழுந்து போனா அதுல ஒண்ணும் தப்பில்ல, எங்க கிளப்லயே போயிருக்காங்க.

முதல்ல ஒரு விஷயத்த பிரிச்சுக்கணும். ஓபன் எண்டிங்னு நாம ஒரே பேர்ல கூப்பிடறதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, படத்தோட உலகத்துல பதில் இருக்கு, ஒரு கேரக்டருக்கு அது தெரியும், நமக்கு மட்டும் சொல்லல. இன்னொண்ணு, படமே ரெண்டு பக்கமும் சாட்சி வச்சுட்டு தீர்ப்பு சொல்லாம எழுந்து போயிடுது. முதல் வகைல "என்ன பதில்"னு கேக்கறதுல பெரிசா பிரயோஜனம் இல்ல, ஏன் மறைச்சாங்கன்னுதான் கேக்கணும். ரெண்டாவது வகைல ரெண்டு பக்க சாட்சியையும் எடை போட்டுப் பாக்கணும், பிடிக்காத சாட்சிய தூக்கிப் போடக் கூடாது. ஆன்லைன்ல நடக்கற முக்காவாசி சண்டை இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பிக்கறதுனால வர்றதுதான். ட்விஸ்ட் எண்டிங் இதுல சேராது, தி சிக்ஸ்த் சென்ஸ் மாதிரி படத்துல கதவு மூடித்தான் முடியுது, அங்க பேச ஒண்ணுமில்ல, திரும்ப ஒரு தடவை பாத்து எங்கெங்க ஏமாத்தினான்னு ரசிக்கலாம் அவ்ளோதான்.

ரெண்டாவது வகைக்கு நான் எப்பவும் போட்டுக் காட்டற படம் 1962ல வந்த கார்னிவல் ஆஃப் சோல்ஸ். எடுத்தவர் ஹெர்க் ஹார்வி, கன்சாஸ்ல லாரன்ஸ்னு ஒரு ஊர்ல கம்பெனிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் குட்டி குட்டி படம் எடுத்துக் குடுத்துட்டு இருந்த ஆளு, கலிஃபோர்னியாலேர்ந்து கார்ல திரும்பி வர்றப்போ சால்ட் லேக் ஏரி ஓரத்துல பாழடைஞ்சு கிடந்த சால்ட்டேர்ங்கற பெரிய கட்டடத்தப் பாத்துட்டு இதுல ஒரு படம் எடுத்தே ஆகணும்னு எடுத்தது. செலவு சுமார் 33,000 டாலர்தான். கதை என்னன்னா மேரினு ஒரு பொண்ணு, கார் பாலத்துலேர்ந்து ஆத்துல விழுந்துடுது, தேடறாங்க கிடைக்கல, ரொம்ப நேரம் கழிச்சு அவ மட்டும் சேறும் சகதியுமா தானே நடந்து கரையேறி வர்றா. வேற ஊருக்குப் போய் சர்ச்சுல ஆர்கன் வாசிக்கற வேலைல சேர்றா, வெளுத்த மூஞ்சியோட ஒரு ஆளு அவ பின்னாடியே சுத்தறான். கடைசில அந்த சால்ட்டேர்ல செத்தவங்க கூட்டம் அவள துரத்துது, அப்புறம் ஆத்துலேர்ந்து காரை வெளிய இழுக்கறாங்க, உள்ள மேரியோட பொணம்.

இதப் பாத்ததும் எல்லாரும் சொல்றது, "ஓ, அவ ஆரம்பத்துலயே செத்துட்டா, மத்ததெல்லாம் சாகற நேரத்து கனவு." அம்ப்ரோஸ் பியர்ஸ் 1890லயே தூக்குல தொங்கப் போறவன் தப்பிச்சு ஓடற மாதிரி ஒரு சிறுகதை எழுதிட்டாரு, அதுலேர்ந்து இந்த உத்தி எல்லாருக்கும் பழகிப் போச்சு, அதனால டக்குனு அந்தப் பெட்டிக்குள்ள போட்டு மூடிடறோம். ஆனா கார் வெளிய வர்றதுக்கு முன்னாடி இன்னொரு சீன் இருக்கு, அத நிறைய பேர் மறந்துடறாங்க. சால்ட்டேர் மணல்ல ஃபாதரும் டாக்டரும் போலீஸும் நின்னு கீழ பாக்கறாங்க, மேரியோட காலடித் தடம் வந்து ஒரு இடத்துல அப்படியே நின்னு போயிருக்கு. அந்த சீன்ல மேரி இல்ல. அவ கனவுன்னா அவ இல்லாத சீன யார் கனவு காண்றா? கனவு வெறும் தடத்த எப்படி மணல்ல விட்டுட்டுப் போகும்? அதே சமயம் கார்ல பொணமும் இருக்கு, அதுவும் மேரி கண்ணு வழியா காட்டினது இல்ல. ஆக ரெண்டு சாட்சியும் சம பலத்தோட நிக்குது, அவ ஆத்துலயும் கிடந்தா, இங்கயும் நடந்தா. ஒண்ணு எடுத்தா இன்னொண்ணு உடையும். இந்தப் படத்துக்கு "கரெக்ட் விளக்கம்"னு யாராவது ஒரே வரில சொன்னா அவங்க ரெண்டுல ஒண்ண சவுகரியமா மறந்துட்டாங்கன்னு வச்சுக்கோங்க. (அமெரிக்காவுல காப்பிரைட் இல்லாத படம் இது, நெட்ல முழுசா ஃப்ரீயா கிடைக்கும். பாக்கறப்போ ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க. துணிக்கடைல அவ பேசறது யாருக்கும் கேக்காத அந்த இடத்துல சுத்துப்பட்ட சத்தத்தையெல்லாம் அப்படியே எடுத்துடுவாங்க, அப்புறம் பார்க்ல ஒரு மரத்த தொடறப்போ குருவி சத்தத்தோட உலகம் திரும்பி வரும். காசே இல்லாம பண்ண வேலை, இன்னிக்கும் எனக்குப் பொறாமையா இருக்கும்.)

இதுலேர்ந்து நான் எடுத்துக்கற பாடம், ஒரு சீன் யாரோட பார்வைல இருக்குன்னு முதல்ல கேக்கறது. எடிட்டிங்ல இது அடிப்படை. ஒரு மூஞ்சிய காட்டி, அது பாக்கற திசைய காட்டி, அப்புறம் ஒரு பொருளைக் காட்டினா அந்தப் பொருள் அந்த ஆளுக்குத் தெரியுதுன்னுதான் அர்த்தம், அது நிஜமாவே அங்க இருக்குன்னு அர்த்தம் இல்ல. அந்த ஆளே இல்லாத சீன்ல, இல்லன்னா வேற ஒருத்தர் கண்ணு வழியாவும் அதே பொருள் தெரிஞ்சா அப்போதான் அது படத்தோட உலகத்துல நிஜம். மறுமை சம்பந்தப்பட்ட திகில் படத்துல இது ரொம்ப முக்கியம், ஏன்னா இந்தப் படங்க முக்காவாசி ஒரே ஒரு ஆளோட தலைக்குள்ளயே ஓடிட்டு இருக்கும்.

1990ல வந்த ஜேக்கப்ஸ் லேடர் எடுத்துக்கோங்க, ஏட்ரியன் லைன் டைரக்ட் பண்ணது. வியட்நாம் போர்லேர்ந்து திரும்பி வந்த ஒருத்தன் நியூயார்க்ல தபால் ஆபீஸ் வேலை பாக்கறான், சுத்தி பிசாசு மாதிரி உருவங்க தெரியுது. (தலைய படு ஸ்பீடா ஆட்டற அந்த உருவம் இருக்கே, கம்ப்யூட்டர் வேலை இல்ல, கேமராவ குறைஞ்ச ஸ்பீடுல ஓட்டி எடுத்துட்டு நார்மல் ஸ்பீடுல போட்டது.) கடைசில பாத்தா வியட்நாம்ல ராணுவ மருத்துவக் கூடாரத்துல அவன் பொணமா கிடக்கான், டாக்டருங்க அவனப் பாத்து பேசறாங்க. இது அவன் பார்வை இல்ல, அவன்தான் போய்ட்டானே. அதனால அவன் அங்கயே செத்துட்டாங்கறது நிச்சயம், இதுல விவாதமே வேண்டாம். சந்தேகம் எங்கன்னா, ராணுவம் சொந்த சிப்பாய்ங்களுக்கே ஒரு மருந்த குடுத்து வெறி பிடிக்க வச்சதா நடுவுல ஒரு கெமிஸ்ட் வந்து சொல்றானே அது. அந்த கெமிஸ்ட் வர்றது கனவுக்குள்ள, கனவுல வர்றவன் சொல்றத எப்படி நம்பறது. ஆனா படம் முடியறப்போ எழுத்துல ஒரு குறிப்பு போடறாங்க, வியட்நாம்ல பிஇசட்ங்கற மருந்த வச்சு சோதனை பண்ணதா தகவல் இருக்கு, பென்டகன் மறுத்துடுச்சுன்னு. அதோட படத்தோட முதல் சீன்ல, அவனுக்கு குத்து விழறதுக்கு முன்னாடியே, கூட இருந்த சிப்பாய்ங்க வலிப்பு வந்த மாதிரி துடிக்கறது வருது, அது கனவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. அதனால மருந்து விஷயத்துக்கு ஓரளவு சாட்சி இருக்குன்னு நான் சொல்லுவேன், முழு சாட்சி இல்ல. கடைசில செத்துப்போன அவன் பையன் அவன கூட்டிட்டுப் போற மாடிப்படி எங்க போகுதுங்கறதுக்கு சுத்தமா சாட்சி இல்ல. கதை எழுதின புரூஸ் ஜோயல் ரூபினுக்கு திபெத்திய பௌத்தத்துல ஈடுபாடு உண்டு, கிறிஸ்தவ ஞானி எக்கார்ட் சொன்னதா ஒரு கருத்தையும் படத்துல ஒரு கேரக்டர் வாயால சொல்ல வச்சிருக்காரு, சாக பயந்தவனுக்கு பிசாசா தெரியறது மனசு சமாதானமானவனுக்கு தேவதையா தெரியும்ங்கற மாதிரி. அது படத்தோட மனசு எந்தப் பக்கம் சாயுதுன்னு காட்டுது. ஆனா மனசு சாயறது வேற, சாட்சி வேற.

சரி, இப்போ மார்ட்டர்ஸ். பாஸ்கல் லோஜியே எழுதி எடுத்த படம். இது முதல் வகை, அதாவது பதில் இருக்கு, ஒருத்தருக்கு தெரியும், நமக்கு சொல்லல. நிச்சயமா நடந்தது என்னென்னன்னு மட்டும் அடுக்கிப் பாப்போம். பணக்கார வயசானவங்க கூட்டம் ஒண்ணு, பொண்ணுங்கள பிடிச்சு அடைச்சு வச்சு வதைக்கறாங்க, வதை ஒரு எல்லைய தாண்டினா சாவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுவாங்கன்னு ஒரு நம்பிக்கை. அன்னா தோலுரிக்கப்பட்டும் உயிரோட இருக்கா. அவ பேசினா. அந்த வயசான அம்மாதான் கூட்டத்துக்குத் தலைவி, மத்மசெல்னு கூப்பிடுவாங்க, அவங்க மட்டும்தான் அதக் கேட்டாங்க. எல்லாரும் வந்து கூடறாங்க, உதவியாளன் எட்டியன் விஷயத்த அறிவிக்கறான். உள்ள அந்தம்மா மேக்கப்ப கலைச்சுட்டு, தலைல கட்டினத அவுத்துட்டு இருக்காங்க. எட்டியன் கேக்கறான், அப்போ ஏதோ இருக்குதானான்னு. ஆமா, நிச்சயமாங்கறாங்க. தெளிவா சொன்னாளா? தெளிவா, வேற மாதிரி அர்த்தம் பண்ணிக்க இடமே இல்லங்கறாங்க. அப்புறம் அவனத் திருப்பிக் கேக்கறாங்க, செத்ததுக்கு அப்புறம் என்ன இருக்குன்னு உன்னால கற்பனை பண்ண முடியுமான்னு. சந்தேகத்துலயே இருங்கற மாதிரி ஒண்ணு சொல்லிட்டு சுட்டுக்கறாங்க.

இதுல முதல்ல விழறது "அன்னா ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டா, வாழ்க்கையே வீணாப் போச்சுன்னு அந்தம்மா சுட்டுக்கிட்டாங்க"ங்கற விளக்கம். நான் பாத்த வரைக்கும் ஜாஸ்தி பேர் சொல்றது இதுதான், ஆனா படத்துல இருக்கறதுலயே பலவீனமான விளக்கமும் இதுதான். ஏதோ இருக்கான்னு நேரடியாவே கேக்கறான், நிச்சயமான்னு பதில் வருது. இந்த விளக்கம் நிக்கணும்னா அந்தம்மா சாகறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எட்டியன்கிட்ட பொய் சொல்லணும். சொல்லியிருக்கலாம், முடியாதுன்னு இல்ல. ஆனா அப்படி பொய் சொல்றவங்க அடுத்த வாய்க்கே சந்தேகப்படுன்னு எதுக்கு சொல்லணும்? ஏமாத்தணும்னா ஏமாத்திட்டு போக வேண்டியதுதானே.

ரெண்டாவது, "அந்தப் பக்கம் அவ்ளோ அழகா இருக்கு, ஒரு நிமிஷம் கூட தாங்க முடியாம கிளம்பிட்டாங்க." இதுக்கு பலம் இருக்கு, அவங்க அழல, பதறல, மேக்கப் கலைக்கறதுல ஒரு நிதானம் இருக்கு. எட்டியன் வந்து கூப்பிடறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியாச்சுங்கறது அந்த நிதானத்துல தெரியுது, கூட்டத்து முன்னாடி போய் பேசப் போறவங்க யாரும் மேக்கப்ப கலைக்க மாட்டாங்க. ஆனா அழகா இருந்தா வருஷக்கணக்கா கூடவே இருந்தவங்ககிட்ட ஏன் சொல்லல? சுயநலம்னு சொல்லலாம். மூணாவது, "நியாயத் தீர்ப்பு மாதிரி ஒண்ணு இருக்கு, பண்ண பாவத்துக்கெல்லாம் கணக்கு கேப்பாங்கன்னு தெரிஞ்சிடுச்சு." கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா நரகம் காத்திட்டிருக்குன்னு தெரிஞ்சவங்க அங்க போறதுக்கு அவசரப்படுவாங்களா? இதுக்கும் ஏதாவது ஜோடிச்சு சொல்லலாம், அது படத்துலேர்ந்து வராது, சொல்றவங்க மூளைலேர்ந்துதான் வரும்.

இதுவரைக்கும் பாத்தது அந்தம்மா என்ன கேட்டாங்கங்கறது. இதுக்கு அடியில இன்னொரு கேள்வி இருக்கு, எனக்கு அதுதான் ரொம்ப முக்கியமாப் படுது: அன்னா பாத்தது நிஜமா? அந்தம்மா நம்பினாங்க சரி, நாம நம்பணுமா? கேமரா அன்னாவோட கண்ணுக்குள்ளயே போகுது, இருட்ட தாண்டி ஒரு வெளிச்சத்துல போய் நிக்குது. படம் நமக்கு நேரடியா காட்டற ஒரே மறுமை அதுதான். நிறைய பேர் இத ஆதாரமா காட்டுவாங்க, "பாருங்க வெளிச்சம் இருக்கு, அப்போ இருக்குதானே"ன்னு. இங்கதான் படத்தோட முதல் பாதிக்குப் போகணும். அன்னாவோட ஃப்ரெண்ட் லூசிய, சின்ன வயசுல இதே கூட்டத்துகிட்ட மாட்டி தப்பிச்சவ, ஒரு கோரமான பொம்பள உருவம் துரத்தி துரத்தி கத்தியால கிழிக்குமே, ஞாபகம் இருக்கா? கேமரா அத நமக்கு நல்லா தெளிவா காட்டும், சத்தத்தோட, ரத்தத்தோட. அப்புறம் அன்னா பார்வைல அதே சீன் வரும், அங்க உருவமே இல்ல, லூசி தன்னைத்தானே கிழிச்சுக்கிட்டு இருப்பா. சின்ன வயசுல தப்பிச்சப்போ காப்பாத்தாம விட்டுட்டு வந்த பொண்ணோட நினைப்புதான் அந்த உருவம். அப்புறம் அன்னா அடைபட்டு கிடக்கறப்போ செத்துப்போன லூசியோட குரல் வந்து அவகிட்ட பேசும், அதயும் நாம கேக்கறோம்.

ஆக படம் நமக்கு ஒரு விதிய ரெண்டு தடவை கத்துக் குடுத்திருக்கு, ஒருத்தர் உள்ளுக்குள்ளேர்ந்து காட்டறது அவங்களுக்கு நிஜம், வெளில அதுக்கு உத்தரவாதம் இல்ல. லூசியோட உருவத்த நம்ப மாட்டேன், அன்னாவோட வெளிச்சத்த மட்டும் நம்புவேன்னா அது நம்ம ஆசை, படம் குடுத்த உரிமை இல்ல. வெளிச்சம் பொய்னும் நான் சொல்ல வரல. அத நிஜம்னோ பிரமைன்னோ தீர்மானிக்க இன்னொரு கண்ணு வேணும், லூசி விஷயத்துல அன்னா கண்ணு இருந்துச்சு, அன்னா விஷயத்துல பக்கத்துல நின்னு பாக்க யாரும் இல்ல. சரியா அந்த இடத்தத்தான் டைரக்டர் காலியா விட்டிருக்காரு.

இதோட சேத்துப் பாக்க வேண்டிய இன்னொரு சீன், அந்தம்மா அன்னாவுக்கு போட்டோ காட்டற இடம். சாகற நிலைல இருக்கறவங்க போட்டோ வரிசையா வரும், சீனாவுல நடந்த கொடூரமான மரண தண்டனை போட்டோவும் அதுல உண்டு. கண்ணப் பாரு, இவங்கல்லாம் இன்னும் உயிரோடதான் இருக்காங்க, எதையோ பாக்கறாங்கன்னு விளக்குவாங்க. அந்த மாதிரி சீன தண்டனை போட்டோவ பத்தி ஜார்ஜ் பத்தாய்ங்கற பிரெஞ்சு எழுத்தாளர் 1961ல ஒரு புத்தகத்துல எழுதியிருக்காரு, தண்டனை வாங்கறவன் மூஞ்சில பரவசம் தெரியுதுன்னு. ஆனா அவரே அதுக்கு ஓரளவாவது அபின் காரணமா இருக்கலாம்னும் சேத்து சொல்லிட்டாரு. படத்துல வர்ற அந்தம்மாகிட்ட இந்த ஜாக்கிரதை கிடையாது. மேல பாக்கற கண்ண பாத்தா போதும், சொர்க்கத்தைப் பாக்கறாங்கன்னு முடிவு பண்ணிடறாங்க, அந்த முடிவை வச்சு ஆஸ்பத்திரி மாதிரி ஒரு அமைப்பையே கட்டிடறாங்க. சுருக்கமா சொன்னா அவங்களும் எண்டிங் விளக்க வீடியோ போடறவங்கதான், கைல ஆயுதமும் பணமும் இருக்கு அதான் வித்தியாசம். மூஞ்சிய வச்சு அர்த்தம் பண்றதுல எவ்ளோ தப்பு நடக்கலாம்னு படம் முழுக்க காட்டிட்டு கடைசில நம்மகிட்டயே ஒரு மூஞ்சிய குடுத்துட்டு போகுது, அன்னாவோட மூஞ்சி, கண்ணு எங்கயோ நிலைச்சு நிக்குது. எனக்கு 1928ல டிரேயர் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் படத்துல ஜோனா நடிச்ச ஃபால்கனெட்டியோட க்ளோசப்தான் ஞாபகம் வரும். லோஜியே அத மனசுல வச்சுத்தான் எடுத்தாரான்னு என்கிட்ட ஆதாரம் இல்ல, பாத்ததும் எனக்குத் தோணினது.

அப்போ உங்க முதல் கேள்விக்கு என் பதில்: படத்துக்குள்ள அன்னா ஏதோ ஒண்ணு தெளிவா சொன்னா, அந்தம்மா அத நம்பினாங்க, நம்பினத யாருக்கும் குடுக்கறதில்லன்னு முடிவு பண்ணாங்க. இது மூணும் எனக்கு நிச்சயம். சந்தோஷத்துல சுட்டுக்கிட்டாங்களா பயத்துலயாங்கறது சந்தேகம், கட்டாயப்படுத்திக் கேட்டா அந்த நிதானத்த பாத்து பயம் இல்லன்னுதான் சொல்லுவேன், ஆனா பந்தயம் கட்ட மாட்டேன். காதுல விழுந்த வார்த்தை என்னன்னு கண்டுபிடிக்க படத்துல ஒரு துளி சாமானும் இல்ல, சவுண்டை கூட்டி வச்சு உதட்டசைவ பாத்து கண்டுபிடிச்சேன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. எடிட் பண்றவனா சொல்றேன், அந்த இடத்துல வசனத்த வச்சிருந்தா அது என்ன வசனமா இருந்தாலும் படம் செத்துடும். "வெளிச்சம்", "கடவுள்", "ஒண்ணுமில்ல", எதப் போட்டுப் பாத்தாலும் சப்புன்னு ஆயிடும். அதோட இன்னொரு வேலையும் நடக்குது. கீழ அத்தன பேர் காத்துட்டு இருக்காங்க, ஒரு பொண்ணோட தோல விலையா குடுத்து வாங்கின பதிலுக்காக. நாமளும் அதே பதிலுக்காகத்தான் அத்தன வதையையும் உக்காந்து பாத்தோம். அவங்களுக்கும் கிடைக்கல, நமக்கும் கிடைக்கல. ஒரே கட்ல ரெண்டு கூட்டத்தையும் ஒரே ரூம்ல உக்கார வச்சுட்டாரு.

நம்மாளுங்களுக்கு இது ஜாஸ்தி எரிச்சலா இருக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு தோணுது. நாம பாத்து வளர்ந்த பேய்ப்படத்துல பேய்க்கு ஒரு வேலை இருக்கும், பழி வாங்கணும், இல்ல குழந்தைய காப்பாத்தணும், வேலை முடிஞ்சா சாமி முன்னாடியோ நெருப்புலயோ கரைஞ்சு போயிடும், செத்தவங்க எங்க போவாங்கங்கறதுல யாருக்கும் குழப்பமே இருக்காது. மார்ட்டர்ஸ் மாதிரிப் படங்க வர்றது கத்தோலிக்கப் பின்னணிலேர்ந்து, நம்பிக்கை பாதி போய் பாதி ஒட்டிட்டு இருக்கற இடத்துலேர்ந்து. 2001ல அமெனாபார் எடுத்த தி அதர்ஸ்ல இத சுத்தமா பாக்கலாம். நாம செத்துட்டோம்னு அம்மாவுக்கும் பிள்ளைங்களுக்கும் தெரிஞ்சு போச்சு, அது நிச்சயம், ட்விஸ்ட் முடிஞ்சுது. அப்புறம் பொண்ணு கேக்குது, நாம செத்துட்டோம்னா அந்த லிம்போ (சொர்க்கமும் இல்லாம நரகமும் இல்லாம செத்தவங்க சிலர் போற இடம்னு கத்தோலிக்கர் சொல்றது) எங்கன்னு. படம் முழுக்க பைபிள அடிச்சு அடிச்சு சொல்லிக் குடுத்த அந்த அம்மா, அப்படி ஒண்ணு இருக்கான்னே எனக்குத் தெரியாதுன்னுடுவாங்க. செத்தும் தெரியல! என்னக் கேட்டா மார்ட்டர்ஸ விட பயமான இடம் இதுதான், ரத்தம் ஒரு சொட்டு கிடையாது.

டைரக்டர் பேட்டிய பாத்தா தெரிஞ்சிடுமேன்னு கேட்டிருந்தீங்க. பாருங்க, ஆனா கடைசியா பாருங்க. பான்ஸ் லேபிரிந்த் படத்துல அந்தப் பொண்ணு பாத்த மாய உலகம் நிஜம்தான்னு அத எடுத்த டெல் டோரோ வெளிப்படையாவே சொல்லியிருக்காரு, சாக்பீஸால வரைஞ்ச கதவு மாதிரி சில விஷயங்க அவர் பக்கம் பேசுது. ஆனா அதே படத்துல அவளோட வளர்ப்பு அப்பாவான கேப்டன் பாக்கறப்போ அந்தப் பொண்ணு வெறும் காத்துகிட்ட பேசிட்டு நிக்கும், அந்த ஷாட்டையும் அவரேதான் வச்சாரு. பேட்டில சொன்னதால அந்த ஷாட் மறைஞ்சிடாது. எடுத்தவர் சொல்றது ஒரு நல்ல சாட்சி, ஆனா ஒரு சாட்சிதான், ஸ்கிரீன்ல இருக்கறதோட மோதினா ஸ்கிரீன் பக்கம்தான் நான் நிப்பேன். எடிட்டிங் ரூம்ல இதுக்கு உதாரணம் தினமும் பாக்கறோம், டைரக்டர் ஒண்ணு நினைச்சு எடுத்திருப்பாரு, ரெண்டு ஷாட்ட மாத்திப் போட்டதும் சீன் வேற ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சிடும், சில சமயம் அதுதான் நல்லாவும் இருக்கும்.

கடைசியா உங்க ஃப்ரெண்ட் சொன்னது, அன்னா பழி வாங்கறதுக்காக பொய் சொல்லியிருப்பாங்கறது. அவருக்கு சாதகமா ஒண்ணு இருக்கு, பரவச நிலை முடிஞ்சு வெளிய வந்ததுக்கு அப்புறம்தான் அன்னா பேசினான்னு எட்டியன் அறிவிக்கறான், அதனால அந்த நேரத்துல அவளுக்கு சுயநினைவு இருந்திருக்கலாம், பொய் சொல்ற அளவுக்கு கோபமும் இருந்திருக்கலாம். பாதகமா என்னன்னா, லூசி சாகற வரைக்கும் சரி, லூசி சுட்ட குடும்பத்து அம்மா இன்னும் உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சப்போவும் சரி, அந்த வீட்டுக்குக் கீழ சங்கிலில கிடந்த பொண்ண குளிப்பாட்டறப்போவும் சரி, அன்னா யாரையும் தண்டிக்கறவளா ஒரு சீன்ல கூட வரல, காப்பாத்தப் பாக்கறவளாத்தான் வர்றா. கடைசி நிமிஷத்துல மாறிட்டான்னு காட்ட ஒரு ஷாட்டும் இல்ல. அதனால அவர் விளக்கம் படத்த உடைக்கல, ஆனா படம் அதுக்கு முட்டுக் குடுக்கவும் இல்ல. அன்னா ஜெயிச்சிருக்கணும்னு அவருக்கு ஆசை, எனக்கும் அந்த ஆசை இருக்கு. அவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, முதல் பாதில லூசி வர்ற சீன்களை மட்டும் திரும்ப ஒரு தடவை சேந்து உக்காந்து பாருங்க, அப்புறம் பேசினா பேச்சு வேற மாதிரி போகும்.